வீட்டை எப்போது விற்பது? ஒரு செய்கூலி, சேதாரக் கணக்கு

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் வீட்டு விலை பற்றிய பேச்சு எழாத வாரம் இல்லை. "இதுதான் உச்சம், உடனே கொடுத்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "மெட்ரோ ஓடத் தொடங்கட்டும், இரட்டிப்பாகும்" என்பார் அடுத்தவர். இருவரும் வாழ்நாளில் ஒரு வீட்டைக்கூட விற்றதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் பேச்சைக் கேட்டு விற்றவர்கள் உண்டு, விற்காமல் விட்டவர்களும் உண்டு.

குழப்பத்தின் வேர் 'மார்க்கெட்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. தங்கத்துக்கு நகைக்கடைகள் தினமும் ஒரு விலை எழுதிப் போடுகின்றன. ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் கிராமுக்கு ஏறக்குறைய அதே விலைதான். வீட்டுக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடி வீடும் மூன்றாம் மாடி வீடும் ஒரே மாதத்தில் வெவ்வேறு விலைக்குப் போகும். ஆகவே "மார்க்கெட் ஏறிவிட்டதா?" என்று கேட்பதைவிட, அந்த ஏற்றமும் இறக்கமும் எப்படி நடக்கின்றன, அதில் நம் வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதுதான் பயன் தரும். சென்னையில் ஒரே ஒரு ஃபிளாட்டையோ தனி வீட்டையோ வைத்துக்கொண்டு விற்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு என் உதவி தேவைப்படாது.

தக்காளி அழுகும், வீடு அழுகாது

கோயம்பேட்டில் விடியற்காலையில் லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் விலை சரிந்துவிடும். வியாபாரிக்கு வேறு வழியில்லை. இன்று விற்காதது நாளை குப்பை. வீடு அழுகாது. வாங்க வருபவர்கள் குறைந்தால் வீட்டுக்காரர் விலையைக் குறைப்பதில்லை, காத்திருக்கிறார். "போன வருடம் பக்கத்து வீடு 90 லட்சத்துக்குப் போனது, நான் மட்டும் ஏன் 80க்குக் கொடுக்க வேண்டும்?" என்பது அவர் வாதம். மனித இயல்புக்கு அது நியாயமாகவே படுகிறது.

இதனால்தான் வீட்டுச் சந்தை மந்தமாகும்போது முதலில் குறைவது விலை அல்ல, விற்பனையின் எண்ணிக்கை. 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகள் தொங்கிக்கொண்டே இருக்கும். வந்து பார்ப்பவர்கள் "வீட்டில் கலந்து சொல்கிறேன்" என்று போவார்கள்; திரும்பி வரமாட்டார்கள். பல மாதங்கள் கழித்து, பணம் அவசரமாகத் தேவைப்படும் ஒருவர் விலையை இறக்குவார். அந்த விலைதான் பிறகு தெரு முழுவதற்கும் அளவுகோலாகும். சந்தை சூடு பிடிக்கும்போதும் இதே வரிசைதான்: முதலில் விற்பனை வேகமெடுக்கும், பிறகு விலை ஏறும்.

இங்கே மூன்று விலைகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். விற்பவர் விளம்பரத்தில் போடுவது கேட்பு விலை. உண்மையில் பணம் கைமாறியது முடிந்த விலை. பத்திரப் பதிவுக்கு அடிப்படையாக அரசு ஒவ்வொரு தெருவுக்கும் நிர்ணயிப்பது வழிகாட்டி மதிப்பு. தேநீர்க் கடைப் பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தமிழக அரசு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் முந்தைய அளவுக்கு உயர்த்தியது. அந்த நாட்களில் யார் வீட்டின் விலையும் மூன்றில் ஒரு பங்கு சரியவும் இல்லை, துள்ளி எழவும் இல்லை. மாறியது பதிவுச் செலவின் கணக்குதான்.

அப்படியானால் சந்தையின் போக்கை எப்படி அறிவது? கேட்பு விலையை நம்பாதீர்கள். உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஒரு பலகை எத்தனை மாதம் தொங்குகிறது என்று கவனியுங்கள். உங்கள் பகுதியில் புதிதாகக் கட்டும் கட்டுநர் என்ன இலவசம் தருகிறார் என்றும் பாருங்கள். கட்டுநர் சதுர அடி விலையை வெளிப்படையாகக் குறைக்கத் தயங்குவார். குறைத்தால் முன்பே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் சமையலறை அலமாரி, கார் நிறுத்துமிடம், பதிவுச் செலவு என்று ஒவ்வொன்றாக இலவசமாக்குவார். இலவசங்களின் பட்டியல் நீளும்போது விலை மறைமுகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் பழைய ஃபிளாட் போட்டியிட வேண்டியது அந்த இறங்கிய விலையோடுதான்.

இதுவரை பார்த்தது: வீட்டுச் சந்தையில் விற்பனை முந்தும், விலை பின்தொடரும். கேட்பு விலை, முடிந்த விலை, வழிகாட்டி மதிப்பு ஆகிய மூன்றும் வேறு வேறு.

பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதிய சங்கிலி வாங்குவது

என்னிடம் கேட்டால் இந்தப் பொருளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பகுதிதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நான்கு சவரன் பழைய சங்கிலியைக் கொடுத்துவிட்டு நான்கு சவரனில் புதிய சங்கிலி வாங்க நகைக்கடைக்குப் போகிறீர்கள். அன்று தங்கம் விலை ஏறியிருந்தால் உங்களுக்கு லாபமா? இல்லை. உங்கள் பழைய தங்கத்துக்கு அதிகம் தருவார்கள். புதிய தங்கத்துக்கும் அதே அளவு அதிகம் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பையிலிருந்து உண்மையில் போவது செய்கூலியும் சேதாரமும்தான்.

வீட்டை விற்கும் பெரும்பாலோர் அதே ஊரில் இன்னொரு வீடு வாங்குபவர்களே. அவர்களுக்கும் இதே கணக்குதான், ஒரு சிறிய திருப்பத்தோடு. உங்கள் இரண்டு அறை ஃபிளாட் 80 லட்சம், வாங்க நினைக்கும் மூன்று அறை ஃபிளாட் 1.2 கோடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் புரட்ட வேண்டிய வித்தியாசம் 40 லட்சம். சந்தை 10 சதவீதம் ஏறினால் உங்களுடையது 88 லட்சமாகும், அதுவோ 1.32 கோடியாகும். வித்தியாசம் 44 லட்சம். சந்தை 10 சதவீதம் இறங்கினால் 72 லட்சமும் 1.08 கோடியும்; வித்தியாசம் 36 லட்சம்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். பெரிய வீட்டுக்கு மாறுபவருக்கு மந்தமான சந்தைதான் நல்லது. தன் வீட்டுக்கு விலை குறைந்துவிட்டதே என்று அவர் வருந்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவர் வாங்கப்போகும் வீடு அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. மாறாக, பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டை விற்றுச் சின்னதாக ஒன்று வாங்க நினைக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்குச் சூடான சந்தைதான் நல்லது. விற்றுவிட்டு இனி வாங்கவே போவதில்லை என்பவருக்கு மட்டும்தான் "உச்ச விலை" என்ற பேச்சு முழுமையாகப் பொருந்தும்.

இப்போது செய்கூலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். 2023இல் 4 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புதிய ஃபிளாட்டுக்குச் சலுகை விகிதம் உண்டு. கைமாறி வரும் வீட்டுக்கு இல்லை. 1.2 கோடி ரூபாய் வீட்டுக்கு 9 சதவீதம் என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம். விற்பதற்கு ஒரு தரகு, வாங்குவதற்கு ஒரு தரகு, வெள்ளையடிப்பு, இடமாற்றம் எல்லாம் இதற்கு மேல். சந்தை 10 சதவீதம் ஏறியதால் கூடிய வித்தியாசம் 4 லட்சம்தான். மாறுவதன் செலவோ அதைப்போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. உச்சியைப் பிடிக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இந்தச் செலவை ஒரு முறைகூடக் கூட்டிப் பார்ப்பதில்லை. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை வீடு மாற்றும் பழக்கம் ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

நிலம் ஏறும், சுவர் இறங்கும்

"வீட்டு விலை ஏறுகிறது" என்பதே ஓர் அரை உண்மை. வீடு என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது: நிலம், அதன்மேல் கட்டடம். கட்டடம் ஸ்கூட்டரைப் போல. ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தேய்கிறது. நிலம்தான் ஏறுகிறது. இரண்டையும் கூட்டி வரும் தொகையைத்தான் வீட்டு விலை என்கிறோம்.

ஃபிளாட்டில் உங்களுக்கு எவ்வளவு நிலம்? கட்டடம் நிற்கும் மனையில் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவாக இருக்கும் நிலத்தில் உங்கள் பங்குக்குப் பிரிபடாத பாகம் என்று பெயர், தரகர்கள் யு.டி.எஸ். என்பார்கள். உங்கள் கிரயப் பத்திரத்தில் அந்தச் சதுர அடி எழுதப்பட்டிருக்கும். அசோக் நகரில் மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 550 சதுர அடி நிலம் இருக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் இருபது மாடிக் கோபுரத்தில் அதே ஆயிரம் சதுர அடிக்கு 300 சதுர அடி மட்டும் இருக்கலாம். நீச்சல் குளத்தை வைத்து எந்த வீடு மேல் என்று முடிவு செய்பவர்கள் பத்திரத்தின் இந்த வரியையும் ஒரு முறை படிக்க வேண்டும்.

இதிலிருந்து ஃபிளாட்டுக்கு ஒரு வயதுக் கணக்கு பிறக்கிறது. முதல் பத்து ஆண்டுகளில் அது புதிய வீடுகளோடு போட்டியிடும். நல்ல விலை கிடைக்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டும்போது சங்கடம் தொடங்குகிறது. கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று வாங்குபவரின் வங்கி கேட்கும். கடன் தொகையும் காலமும் குறையலாம். கடன் கிடைக்காத வீட்டுக்கு முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வர முடியும். அப்படிப்பட்டவர்கள் கடுமையாகப் பேரம் பேசுவார்கள். இன்னும் கொஞ்ச காலம் போனால் வாங்க வருபவர் குடும்பஸ்தராக இருக்கமாட்டார், இடித்துக் கட்டும் கட்டுநராக இருப்பார். அவருக்கு உங்கள் பளிங்குத் தரை வேண்டாம், நிலம்தான் வேண்டும்.

முன்பெல்லாம் எட்டு வீட்டில் ஒருவர் மறுத்தாலும் இடித்துக் கட்டும் பேச்சு நின்றுபோகும். 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது. ஆகவே முப்பது வயதுக் கட்டடத்தில் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம், வட்டியை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் கூட்டத்தைவிட முக்கியமாகலாம். அண்டை வீட்டார் கட்டுநரோடு பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவசரப்பட்டுத் தனியாக விற்பது, அறுவடைக்கு முந்தின வாரம் வயலை விற்பதற்குச் சமம்.

இதுவரை பார்த்தது: விற்று வாங்குபவருக்கு வித்தியாசம்தான் கணக்கு. நிலப் பங்கு அதிகமுள்ள வீடு காத்திருக்கலாம். கட்டடமே பெரும்பங்காக உள்ள வீட்டுக்குக் காத்திருப்பதில் தேய்மானம் உண்டு.

வட்டி குறைந்தால் விலை ஏறுமா?

ஏறலாம், அதுவும் வாங்குபவரின் மாதத் தவணை வழியாக. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டிக்கு ரெப்போ விகிதம் என்று பெயர். 2022 மே மாதம் வரை அது 4 சதவீதம். 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது, 2025 பிப்ரவரியில் குறையத் தொடங்கி அந்த ஜூனில் 5.5க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் இதோடு கட்டப்பட்டவை.

50 லட்சம் கடன், இருபது ஆண்டு, 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 45,000 ரூபாய். வட்டி 8 சதவீதமானால் அதே 45,000 ரூபாய்த் தவணையில் கிட்டத்தட்ட 53.8 லட்சம் கடன் கிடைக்கும். வாங்குபவரின் சம்பளம் ஏறவில்லை, ஆனால் அவர் பை 3.8 லட்சம் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. பையின் பெரும்பகுதி கடனாக உள்ள 60, 70 லட்ச ரூபாய் வீட்டில் இது தெரியும். ஐந்து கோடி ரூபாய் தனி வீட்டை வாங்குபவர் ரெப்போ விகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

மெட்ரோ வரும் என்ற எதிர்பார்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். அந்தச் செய்தியை உங்களைப் போலவே வாங்குபவரும் படித்திருக்கிறார். ஆகவே ரயில் வருவதற்கு முன்பே விலையில் ஒரு பகுதி வந்துவிட்டது. தடுப்பு வைத்துத் தோண்டிய சாலையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு உங்கள் வீட்டைப் பார்க்க வருபவருக்கு எதிர்காலத்தைவிட எரிச்சல்தான் முன்னால் நிற்கும். உங்கள் தெருமுனையில் வேலை முடியும் தறுவாயில் இருந்தால், தடுப்புகளை எடுக்கும்வரை பொறுப்பதில் பொருள் இருக்கிறது. அதற்கு மேல் இரட்டிப்பு, மும்மடங்கு என்பதெல்லாம் தேநீரோடு போகட்டும்.

வரி என்னும் சேதாரம்

வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மூலதன ஆதாயம். வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்ட கால ஆதாயம். அதற்கு முன் விற்றால் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். இருபத்து நான்காவது மாதத்தில் நல்ல விலை வந்தால் பதிவை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை.

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர் இரண்டு கணக்குகளில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஒன்று, ஆதாயம் முழுவதற்கும் 12.5 சதவீதம். இன்னொன்று, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் பெருக்கி உயர்த்திவிட்டு, மிச்ச ஆதாயத்துக்கு 20 சதவீதம். 2005-06இல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீடு என்று கொள்வோம். அந்த ஆண்டின் குறியீடு 117, 2025-26இன் குறியீடு 376. ஆக 20 லட்சம் ஏறத்தாழ 64.3 லட்சமாக உயர்கிறது. 90 லட்சத்துக்கு விற்றால் முதல் வழியில் வரி 8.75 லட்சம், இரண்டாவது வழியில் 5.15 லட்சம். அதே வீட்டை இரண்டு கோடிக்கு விற்றிருந்தால் முதல் வழியில் 22.5 லட்சம்; இரண்டாவதில் 27 லட்சத்துக்கு மேல். விலை மெதுவாக ஏறிய வீட்டுக்கு இரண்டாவது வழியும் வேகமாக ஏறிய வீட்டுக்கு முதல் வழியும் பொருந்தும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை, 12.5 மட்டுமே.

ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் வரியிலிருந்து தப்பலாம்: விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டு. விற்கும் நாளைக் குறிக்கும்போது இந்தக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். அடுத்த வீடு எது என்றே முடிவாகாதவர் முதலில் விற்றுவிட்டுப் பிறகு அவசரத்தில் கண்டதை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வரியில் மிச்சம் பிடித்ததை விலையில் விட்டார்.

மந்தமான சந்தையில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் விற்ற விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்தால், நீங்கள் வாங்காத பணத்துக்கும் வரி கேட்பார்கள். வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆடியும் அடைமழையும்

பெரிய பொருளாதாரத்தை விட்டுவிட்டு நாட்காட்டிக்கு வாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிவதைப் பலர் தவிர்ப்பார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத் துறை கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆகவே ஆடியில் பலகை மாட்டிவிட்டு, யாரும் வரவில்லை, மார்க்கெட் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மழை வேறு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதை நினைவுபடுத்திய பிறகு, வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு பார்க்க வருபவர்களின் முதல் கேள்வி "தண்ணீர் நின்றதா?" என்பதுதான். உங்கள் தெருவில் நிற்காது என்றால் நவம்பர் மழையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது. நிற்கும் என்றால் மறைத்துப் பயனில்லை, பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள கறையே சொல்லிவிடும்.

நல்ல விலை வரும் நாளில் கையில் என்ன இருக்கிறது?

சந்தை ஏறிய நேரத்திலும் விற்க முடியாமல் போவது பெரும்பாலும் காகிதத்தால்தான். தந்தை பெயரிலேயே இருக்கும் பட்டா, வாரிசுச் சான்றிதழில் விடுபட்ட ஒரு பெயர், கடன் முடிந்தும் வங்கியிலிருந்து வாங்கி வராத மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றில் இன்னும் நீக்கப்படாத பழைய அடமானம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒவ்வொன்றையும் சரிசெய்ய வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். வாங்க வந்தவரின் வங்கி அதுவரை பொறுக்காது.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு வீட்டுக்குக் கேட்டதற்குச் சற்று மேலேயே விலை வந்தது. மூலப்பத்திரம் மூத்தவரின் அலமாரியில், சாவி இரண்டாமவரிடம், இரண்டாமவர் மஸ்கட்டில். அவர் விடுப்பில் வந்து அலமாரியைத் திறந்தபோது ஆடி பிறந்திருந்தது. வாங்க வந்தவர் அதற்குள் பக்கத்துத் தெருவில் பால் காய்ச்சிவிட்டார்.